வாத்தியாரின் நீள நோட்டும் ஜாங்கோவும்: சொந்தமாக ஓர் அகப்பக்கம் கட்டத் தொடங்குபவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் குடியிருக்கும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதிப் பேர் ஒரே தோட்டத்து ஆட்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் நிலம் கைமாறியது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள், எல்லாரும் டவுன் பக்கம் வந்து சேர்ந்தோம். தோட்டத்துப் பள்ளியில் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் மட்டும் ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். எந்த லயத்தில் எந்தக் கதவில் எந்தக் குடும்பம், யார் தண்டல் (மேற்பார்வையாளர்), யார் கிராணி (எழுத்தர்), ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டி யார் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த நோட்டை இணையத்தில் ஏற்றத்தான், அகப்பக்கம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் பக்கம் நாங்கள் போனோம்.

அதற்கு முன்னால் ஒரு சமூக ஊடகக் குழுவில் படங்களையும் கதைகளையும் போட்டுக்கொண்டிருந்தோம், ஆறேழு வருசம். குழுவை நடத்தியவரின் கணக்கு ஒருநாள் முடங்கிப் போனது, மீட்க முடியவில்லை, கணக்கோடு குழுவும் போய்விட்டது. அதில் ஒரு கல்யாணப் படம் இருந்தது, லயத்து வாசலில் தென்னோலைப் பந்தல் போட்டு எடுத்தது, அந்த வீட்டுக்காரர்களிடமே வேறு பிரதி கிடையாது. நம்முடையதை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது.

இப்போது ஐந்தாம் படிவம் (இடைநிலைப் பள்ளி) முடித்த பிள்ளைகள் வந்து, "அண்ணே, ஜாங்கோவை எங்கேயிருந்து தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். காணொளிகள் பெரும்பாலும் நிறுவும் கட்டளையில் தொடங்குகின்றன. நான் அதற்கும் முன்னால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன். உங்களிடம் என்ன தகவல் இருக்கிறது? அதை உட்கார்ந்து தட்டச்சு செய்யப்போவது யார்? எங்களுக்கு முதல் கேள்விக்குப் பதில் அந்த நீள நோட்டு, இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்த வாத்தியாரே. ஜாங்கோவில் நாங்கள் எடுத்த நல்ல முடிவுகள் எல்லாம் இந்த இரண்டு பதிலிலிருந்து வந்தவை, தவறுகள் எல்லாம் இந்த இரண்டையும் மறந்த நேரத்தில் நடந்தவை.

ஜாங்கோவை பிரேம்வொர்க் என்பார்கள், முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். கோயிலுக்கோ கடைக்கோ பள்ளிக்கோ, எதற்கு அகப்பக்கம் செய்தாலும் சில வேலைகள் மாறுவதில்லை. முகவரியைத் தட்டினால் சரியான பக்கம் வரவேண்டும், படிவத்தில் நிரப்பியது தரவுத்தளத்தில் போய் உட்காரவேண்டும், கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையவேண்டும், கெட்ட எண்ணத்தோடு வருபவனைத் தடுக்கவேண்டும். இவற்றை ஆளுக்கு ஆள் புதிதாக எழுதினால் ஓட்டை விழும். யாரோ ஒருமுறை ஒழுங்காக எழுதி, ஆயிரம் பேர் பார்த்துத் திருத்தி வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு, நம்முடைய பங்கை மட்டும் அதன்மேல் எழுதுவது என்பதுதான் பிரேம்வொர்க்.

ஜாங்கோ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. 2003இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹோலொவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் தொடங்கினார்கள். கித்தார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் பெயரை வைத்தார்கள். 2005 ஜூலையில் பொதுவில் வெளியிட்டார்கள், 2008இல் அதைப் பராமரிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. லாரன்ஸ் ஒன்றும் நியூயார்க் இல்லை என்பதை நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வதுண்டு. உள்ளூர்ப் பத்திரிகை, ஆள் குறைவு, செய்தி இன்றைக்கே ஏறவேண்டும், ஏற்றப்போகிறவர் நிரல் தெரியாத நிருபர். அந்த நெருக்கடியில் பிறந்ததால்தான் ஜாங்கோவுக்கு அட்மின் என்ற பகுதி கூடவே வருகிறது. நீங்கள் தகவலின் வடிவத்தைச் சொல்லிவிட்டால், அதைச் சேர்க்க, திருத்த, தேடத் தேவையான திரைகளை அதுவே செய்து கொடுத்துவிடும். நிருபருக்காகச் செய்தது எங்கள் வாத்தியாருக்கு அப்படியே பொருந்தியது.

இன்னொன்று, இது திறந்தமூலம். பிஎஸ்டி என்ற உரிமத்தில் வெளியானது. காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். இங்கே பெரியவர்களிடம் இதை விளக்கும்போது 1960ஐ நினைவுபடுத்தினேன். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், எங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். இடம் நம்முடையது என்றால் யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. அந்தச் சமூக ஊடகக் குழு காணாமல்போன வருத்தத்தில் இருந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் ஜாங்கோ தேவை என்று நான் சொல்லமாட்டேன். திருவிழா அறிவிப்பும் நாலு படமும் போட்டால் போதும் என்றால் வேர்ட்பிரஸ் எடுங்கள், அதுவும் திறந்தமூலம்தான், ஒரு மாலைக்குள் வேலை முடியும். குடும்பம், வீடு, ஆள், படம் என்று ஒன்றோடொன்று பின்னிய தகவல் இருந்து, "இந்தப் படத்தில் இருப்பவர் எந்த லயத்தில் இருந்தார்?" என்று கேட்டுப் பதில் வாங்கவேண்டும் என்றால் அப்போதுதான் ஜாங்கோவின் அருமை தெரியும். பிஎச்பி தெரிந்தவர்கள் லாரவெல் பார்க்கலாம், ரூபி பிடித்தவர்களுக்கு ரெயில்ஸ். அடிப்படை யோசனை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நிறுவும் வேலை சின்னது. பைத்தான் இருக்கவேண்டும், ஜாங்கோ 5.2க்குக் குறைந்தது பைத்தான் 3.10 வேண்டும். புதியவர்களுக்கு 5.2ஐயே நான் சொல்லக் காரணம், அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2025 ஏப்ரலில் வந்தது, பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்று வருடத்துக்கு வரும். வருசத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்க நம்மைப்போல ஓய்வு நேரத்தில் செய்பவர்களுக்கு முடியாது. கணினியில் ஏற்கெனவே இருப்பதோடு மோதாமல் இருக்க வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனி அறை மாதிரி) ஒன்றை உருவாக்கி, அதற்குள் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் வழியாக ஜாங்கோவை நிறுவி, புதுத் திட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளை கொடுத்து, ரன்சர்வர் என்று தட்டினால் உலாவியில் நம் கணினியின் 8000ஆம் போர்ட்டில் ஒரு ராக்கெட் படம் வரும். வந்துவிட்டது என்றால் நிறுவல் சரி. அதிகாரபூர்வப் பயிற்சி எட்டுப் பகுதியாக இருக்கிறது, வாக்கெடுப்புச் செயலி ஒன்றைக் கட்டிக் காட்டுகிறது. ஜாங்கோ கேர்ள்ஸ் அமைப்பின் இலவசப் பயிற்சி இன்னும் மென்மையாகப் போகும், கட்டளைத் திரையையே பார்த்திராதவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன். இரண்டில் ஒன்றை முழுசாக முடித்துவிட்டு உங்கள் சொந்த வேலைக்கு வாருங்கள்.

சொந்த வேலை என்று வந்ததும் கணினியை மூடிவிட்டுத் தாளை எடுங்கள். ஜாங்கோவில் மாடல் என்று ஒன்று உண்டு, நீங்கள் பதியப்போகும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு மாடல். எங்கள் முதல் தாளில் தோட்டம், லயம், வீடு, ஆள், படம் என்று ஐந்து இருந்தன. எளிதாகத்தான் தெரிந்தது, வாத்தியார் நோட்டைத் திறக்கும் வரை.

தோட்டத்துக்குப் பெயர் ஒன்றா இரண்டா? கம்பெனி ஆவணத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயர், நம் ஆட்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டுக்கும் இடம் வேண்டும். ஆளுக்குப் பெயர் எப்படி? ஜாங்கோவோடு வரும் பயனர் மாடலில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது, அது குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கான ஏற்பாடு. நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) நிற்கும். அதைப் பிய்த்து இரண்டு கட்டத்தில் போட்டால் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஆகவே அட்டையில் உள்ளபடி முழுப் பெயருக்கு ஒரே கட்டம், தோட்டத்தில் கூப்பிட்ட பெயருக்கு இன்னொன்று என்று வைத்தோம், ஏனென்றால் கிராணி எழுதிய எழுத்துக்கூட்டு ஒரு மாதிரி இருக்கும், ஊர் கூப்பிட்டது வேறு மாதிரி இருக்கும், தேடுகிறவர்கள் பெரும்பாலும் கூப்பிட்ட பெயரைத்தான் தட்டுவார்கள். (உள்நுழையும் பயனர் மாடலையும் முதல் நாளே உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். தரவு ஏறிய பிறகு மாற்றுவது பெரிய பாடு.)

தேதி அடுத்த பாடம். ஜாங்கோவின் தேதிக் கட்டம் நாள், மாதம், வருடம் மூன்றையும் கேட்கும். பாட்டியிடம் எப்போது இந்த லயத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டால் "ஜப்பான்காரன் காலத்துல" என்பார், இன்னொருவர் "அவசரகாலத்துல, கம்பி வேலி போட்ட பிறகு" என்பார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலம் 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதோடு தொடங்கி 1960 வரை நீண்டது, அதை எந்த நாளில் போய் அடைப்பது? நான் ஆரம்பத்தில் ஜனவரி முதல் தேதி என்று போட்டு ஒப்பேற்றினேன். வாத்தியார் பார்த்துவிட்டு, "தம்பி, அவங்க சொல்லாததை நாம எழுதக்கூடாது" என்றார். அவர் சொன்னது சரி. இப்போது சொன்னபடியே எழுத ஒரு எழுத்துக் கட்டம், வரிசைப்படுத்த மட்டும் ஒரு வருட எண், அதையும் காலியாக விடலாம் என்று வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒரே ஆள் ஒரே வீட்டிலா இருந்தார்? கல்யாணத்துக்கு முன் மூன்றாம் லயம், பிறகு ஆறாம் லயம், நடுவில் வேறு தோட்டம். ஆளையும் வீட்டையும் நேராகக் கட்டிப்போட்டால் இதைச் சொல்ல வழியில்லை. நடுவில் "வசிப்பு" என்று ஒரு மாடல் வைத்து, ஆள், வீடு, எப்போதிலிருந்து, எப்போது வரை என்று நாலு கட்டம் கொடுத்ததும் நோட்டில் உள்ளது எல்லாம் உட்கார்ந்துவிட்டது. மாடலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஜாங்கோ அந்த மாற்றத்தை மைக்ரேஷன் என்ற கோப்பாக எழுதி, தரவுத்தளத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். தாளில் போட்டது தப்பாகப் போனாலும் திருத்தலாம் என்ற தைரியம் அதனால் வருகிறது.

இப்போது எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஒரு மாடலை இன்னொன்றோடு இணைக்கும்போது, மேலே உள்ளது அழிந்தால் கீழே உள்ளதை என்ன செய்ய என்று ஜாங்கோ கேட்கும், 2.0 பதிப்பிலிருந்து பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. பயிற்சிகளில் பெரும்பாலும் கேஸ்கேட் என்று போட்டிருப்பார்கள், மேலே உள்ளது போனால் கீழே உள்ளதும் சேர்ந்து போகட்டும் என்று அர்த்தம். நானும் யோசிக்காமல் அப்படியே போட்டேன். ஒருநாள் மாலை எங்கள் குழுவில் ஒருவர், நாலாம் லயம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்று நினைத்து ஒன்றை அழித்தார். அழிக்குமுன் அட்மின் ஒரு பக்கம் காட்டும், இதோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று நீளப் பட்டியல். அது ஆங்கிலத்தில் வந்ததால் அவர் படிக்காமல் ஆம் என்று தட்டிவிட்டார். லயம் போனது, பன்னிரண்டு வீடு போனது, அந்த வீடுகளில் வசித்தவர்களின் வசிப்புப் பதிவு எல்லாம் போனது. தோட்டத்தில் லயத்தை இடித்தபோது நடந்ததே திரையிலும் நடந்தது. வாத்தியார் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல வேளையாக முந்தின இரவு எடுத்த பிரதி இருந்தது, அன்றைக்குச் சேர்த்த மூன்று பதிவு மட்டும் திரும்பத் தட்டச்சு செய்யவேண்டி வந்தது.

தவறு அழித்தவருடையது இல்லை, வடிவமைத்த என்னுடையது. அன்றிரவே எல்லா இணைப்பையும் ப்ரொடெக்ட் என்று மாற்றினேன், அதாவது வீடு இருக்கும்வரை லயத்தை அழிக்க விடாது, ஆள் இருக்கும்வரை வீட்டை அழிக்க விடாது. தட்டச்சு செய்பவர்களுக்குச் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் அனுமதி கொடுத்தேன், அழிக்கும் அனுமதி இரண்டு பேருக்கு மட்டும். ஜாங்கோவில் ஒவ்வொரு மாடலுக்கும் சேர்த்தல், திருத்தல், அழித்தல், பார்த்தல் என்று நாலு அனுமதி தனித்தனியாக இருக்கிறது, குழு ஒன்றை உருவாக்கி ஒரே தடவையில் கொடுத்துவிடலாம். இதை முதல் நாளே செய்யுங்கள்.

தமிழில் செய்வதால் மட்டும் வரும் சில சிக்கல்கள் உண்டு, இவற்றை எந்தப் பயிற்சியிலும் நான் பார்க்கவில்லை. அட்மினில் மாடலுக்குத் தமிழ்ப் பெயர் கொடுக்கலாம், ஆனால் பன்மைப் பெயரைத் தனியாகக் கொடுக்காவிட்டால் தோட்டம் என்ற சொல்லின் வாலில் ஆங்கில எஸ் எழுத்து ஒட்டி நிற்கும். ஒவ்வொரு பதிவும் தன்னை என்ன பெயரில் காட்டவேண்டும் என்று எழுதாவிட்டால், தேர்வுப் பட்டியலில் எல்லாம் "ஆப்ஜெக்ட் (37)", "ஆப்ஜெக்ட் (38)" என்றே வரும், எது எந்த வீடு என்று வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வரி எழுதினால் "4ஆம் லயம், கதவு 7" என்று வந்துவிடும். மொழியைத் தமிழ் என்று அமைப்பில் (செட்டிங்ஸ் கோப்பில்) மாற்றினால் பொத்தான்கள் பல தமிழுக்கு மாறும். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை, அது தன்னார்வலர்கள் செய்வது, கைகொடுக்க விரும்புகிறவர்களுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

பக்க முகவரியில் தமிழைக் கொண்டுவர நினைத்தபோதுதான் அதிகம் திணறினேன். தலைப்பிலிருந்து முகவரித் துண்டு செய்து தரும் ஸ்லக்கிஃபை என்ற வசதி, சாதாரணமாக ரோமன் எழுத்தையும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடும், "கோயில் திருவிழா" என்று கொடுத்தால் வெறுமைதான் மிஞ்சும். எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடை அனுமதிக்கச் சொன்னால் சரியாகும் என்று நம்பினேன். "கயல-தரவழ" என்று வந்தது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் போயிருந்தன, ஏனென்றால் பைத்தானின் தேடல் விதியில் இவை எழுத்தாகக் கணக்கில் வருவதில்லை, அகரம் ஏறிய மெய்யை மட்டும் எழுத்தென்று எடுத்துக்கொள்கிறது. தமிழர்கள் படிக்கும் பக்கத்துக்கு இப்படி ஒரு முகவரி வேண்டவே வேண்டாம். நாங்கள் பதிவு எண்ணையே முகவரியில் வைத்துவிட்டோம். ரோமன் எழுத்தில் கையால் எழுதி வைப்பதும் ஒரு வழி.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே நிற்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. தரவுத்தளம் அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் கனகா முதலில் வருவார், கமலா பின்னால் போவார், நம் அகராதி முறையில் ம முன்னும் ன கடைசியிலும் வரவேண்டும். சின்னப் பட்டியலில் தெரியாது, முந்நூறு பெயர் சேர்ந்ததும் வாத்தியார் கண்ணில் பட்டுவிட்டது. ஜாங்கோ தொடக்கத்தில் தரும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் இதற்கு நேரடி வழி இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாறித் தமிழ் வரிசைமுறையைக் குறிப்பிட்டால் சரியாகிறது.

பழைய கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பள்ளி மலர், கூட்டக் குறிப்பு என்று 1990களில் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கும், அவற்றை அப்படியே வெட்டி ஒட்டினால் புரியாத குறிகள்தான் வரும், முதலில் மாற்றி எடுங்கள். தட்டச்சுக்கு எங்கள் வாத்தியார் பயன்படுத்துவது முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள், நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது, அது அவருக்குக் கை பழகிய ஒன்று.

நேரத்தையும் பாருங்கள். ஜாங்கோ தொடங்கும்போது உலக நேரத்தில் இருக்கும், நாம் எட்டு மணி நேரம் முன்னால். மாற்றாவிட்டால் காலை ஏழு மணிக்கு ஏற்றிய இரங்கல் செய்தியில் நேற்றைய தேதி நிற்கும். அமைப்பில் ஏஷியா/கோலாலம்பூர் என்று போட்டால் போதும்.

பொதுவில் ஏற்றும் நாளில் இரண்டு விசயம் மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். டீபக் என்ற அமைப்பு நம் கணினியில் இருக்கும்போது திறந்திருக்கலாம், பிழை வந்தால் உள்ளே என்ன நடந்தது என்று வரிவரியாகக் காட்டும். அதே பக்கம் ஊராருக்கும் தெரிந்தால் வீட்டுச் சாவியை வாசலில் மாட்டியது போலத்தான், மூடிவிட்டு ஏற்றுங்கள். இரகசியச் சாவி என்ற நீளச் சரத்தை நிரலோடு சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிடாதீர்கள். கடவுச்சொல்லைக் குழப்பி வைப்பது, தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைக்கும் தாக்குதலைத் தடுப்பது, படிவம் நம் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று சரிபார்ப்பது, இவற்றை ஜாங்கோ தானே கவனித்துக்கொள்கிறது, நாம் அதைக் குறுக்கே போய் அணைக்காமல் இருந்தால் சரி. மற்றபடி அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கவே சேகரிக்காதீர்கள். எங்கள் நோட்டில் சிலருக்கு இருந்தது, ஏற்றவில்லை.

அகப்பக்கம் இருக்கும் சர்வருக்கு மாதம் 25 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது, குழுவில் ஐந்து பேர் பங்கு போடுகிறோம். ஒவ்வொரு இரவும் தரவுத்தளத்தின் பிரதி தானாக எடுக்கப்படுகிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் படங்களோடு சேர்த்து மூன்று பென்டிரைவில் ஏற்றி மூன்று வீட்டில் வைக்கிறோம். ஒன்று வாத்தியார் வீட்டு அலமாரியில், அந்த நீள நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் அவர் ஆறாம் லயத்தை முடித்துவிட்டு ஏழாம் லயத்தைத் தொடங்கியிருக்கிறார்.